தேன் மணக்கும் மெழுகுவத்திகள்

"சாப்பிடறதை நிறுத்திட்டு வேலையைப் பாரு, தொதெர்."

"வேலையைத்தான் பார்க்கிறேன் மேடம். தின்கிறது வாய், பார்க்கிறது கண்ணு. ரெண்டுக்கும் நடுவுல என்ன தகராறு?"

ஸ்மரந்தா மேடம் பதில் சொல்லவில்லை. பதில் சொல்லாவிட்டால் கோபமாக இருக்கிறார் என்று அர்த்தம். சொன்னாலும் கோபமாகத்தான் இருப்பார். போலீஸ் வேலையை மேலதிகாரியின் முகத்துக்கு நேரே விட்டெறிந்துவிட்டு, தனியாகத் துப்பறியும் ஆபீஸ் திறந்த மனுஷி. அந்த ஆபீஸில் மொத்தம் இரண்டே நாற்காலிகள். ஒன்று அவருக்கு. இன்னொன்று வருகிறவர்களுக்கு. நான் நிற்பவன்.

இப்போதும் நின்றுகொண்டுதான் இருந்தேன். பிராதெட் நகரத்துப் பழைய தேவாலயத்தின் முற்றத்தில், பனி மூட்டத்துக்கு நடுவே, ஒரு கையில் வளையரொட்டியும் இன்னொரு கையில் இனிப்புக் கோதுமைக் கிண்ணமுமாக.

அன்று இறந்தவர்களின் சனிக்கிழமை. இலையுதிர் காலத்தில் வருகிற அந்த ஒரு சனிக்கிழமையில் எங்கள் பக்கத்து ஊர்களில் எவரும் வீட்டில் தங்க மாட்டார்கள். செத்துப்போன அப்பன், பாட்டன், பிள்ளை எல்லார் பெயரையும் சொல்லி, கூடை கூடையாகச் சாப்பாட்டைத் தூக்கிக்கொண்டு வந்து கண்ணில் படுகிறவர்களுக்கெல்லாம் கொடுப்பார்கள். வாங்குகிறவன், "ஆண்டவர் அவரை மன்னிக்கட்டும்" என்று செத்தவர் பெயரைச் சொல்லி வாங்க வேண்டும். காலையிலிருந்து நான் பாதி ஊரை மன்னிக்கச் சொல்லிவிட்டேன். வயிறு நிறைந்துவிட்டது.

தேவாலயத்தின் மேற்குச் சுவரில் கடைசித் தீர்ப்பு ஓவியம். ஐந்நூறு வருஷமாகச் சிவப்பு மாறாமல் ஓடுகிறது அந்த நெருப்பு ஆறு. பாவிகள் தலைகீழாக விழுந்துகொண்டே இருக்கிறார்கள். வடக்குச் சுவரில் மழைச்சாரல் அடித்து அடித்துப் புனிதர்களெல்லாம் அழிந்துவிட்டார்கள். அங்கங்கே கண்கள் மட்டும் மிச்சம். அந்தக் கண்களுக்குக் கீழேதான் நாங்கள் காவல் காக்க வந்த பொருள் நின்றது.

ஒரு தகரக் கூண்டு. அதற்குள் மணல் பரப்பிய இரண்டு தட்டுகள். மேல்தட்டில் ஏற்றும் மெழுகுவத்தி உயிரோடு இருப்பவர்களுக்கு. கீழ்த்தட்டில் ஏற்றுவது இறந்தவர்களுக்கு. பேச்சு வராத குழந்தைக்குக்கூட இங்கே அது தெரியும்.

"இன்னிக்கு இங்க என்ன நடக்கும்னு நினைக்கிறீங்க?" என்று கேட்டேன்.

"கவ்ரில் உயிரோட இல்லைன்னு தெரிஞ்ச ஒரு ஆள் இந்த ஊர்ல இருக்காங்க. இன்னிக்கு அவங்க தானா முன்னாடி வருவாங்க."

கவ்ரில்தான் எங்கள் வழக்கு. ஒல்லியான, சாதுவான தச்சன். வீட்டுக்குப் பின்னால் தேன்பெட்டிகள் வைத்திருந்தான். கோடை முடியும் சமயத்தில் இதே தேவாலயத்தின் மரக்கூரையைத் தன் அண்ணன் ஒனோஃப்ரியோடு பழுதுபார்த்துக்கொண்டிருந்தவன், ஒருநாள் சாயங்காலம் வீடு திரும்பவில்லை. மறுநாள் அவன் போனிலிருந்து மனைவிக்கு ஒரு செய்தி வந்தது. 'இத்தாலிக்குப் போகிறேன். தேடாதே.' அவ்வளவுதான்.

போலீஸ்காரர்கள் அதைப் படித்துவிட்டுக் கொட்டாவி விட்டார்கள். இந்த ஊர் ஆண்களில் பாதிப்பேர் இத்தாலியில்தான் வேலை செய்கிறார்கள். இன்னொருவன் போனதில் என்ன அதிசயம்? ஊரோ அவனுக்கு ஒரு பெண்ணையும் ஜோடி சேர்த்துவிட்டது. முதல் வாரம் அவள் ஒரு நர்ஸ். அடுத்த வாரம் அவளுக்குத் தலைமுடி பொன்னிறமாகிவிட்டது.

கவ்ரிலின் மனைவி அக்லாயா ரொட்டிக் கடையில் வேலை பார்ப்பவள். கை நிறைய மாவோடு எங்கள் ஆபீஸுக்கு வந்து, இரண்டாவது நாற்காலியில் உட்கார்ந்து அவள் சொன்னதை நான் இன்னும் மறக்கவில்லை.

"உயிரோட இருந்தா இழுத்துட்டு வாங்க. கன்னத்துல நாலு விட்டுட்டு மன்னிச்சிடறேன். இல்லேன்னா நான் அழறதுக்கு ஒரு இடம் காட்டுங்க. ரெண்டும் இல்லாம என்னால இருக்க முடியலை மேடம். ராத்திரி கதவு சத்தம் கேட்டா எழுந்து ஓடறேன். காத்துதான் வருது."

மேடம் அவள் வீட்டுக்குப் போய்த் தேன்பெட்டிகளை மட்டும் திறந்து பார்த்தார். திரும்பி வரும்போது காரில் என்னிடம் சொன்னார்.

"இவன் இத்தாலிக்குப் போகலை. தேனை எடுத்திருக்கான். பதிலுக்குச் சர்க்கரைப் பாகு இன்னும் வைக்கலை. தேனீயைப் பட்டினி போட்டுட்டு எந்தத் தேன்காரனும் பக்கத்து ஊருக்குக்கூடப் போக மாட்டான்."

"அதை அந்தப் பொண்ணுகிட்டச் சொல்ல வேண்டியதுதானே?"

"காலிப் பெட்டியைக் காட்டியா உன் புருஷன் செத்துட்டான்னு சொல்றது? முதல்ல அவனைக் கண்டுபிடிக்கணும்."

அதற்கு மேடம் போட்ட திட்டம்தான் இந்த மெழுகுவத்திகள். கவ்ரில் தன் தேன்கூட்டு மெழுகில் தானே ஊற்றி வைத்திருந்தவை. தடிமனாக, பழுப்பாக, கிட்டே போனால் தேன் மணம். தேவாலயத்தில் விற்கும் வெள்ளை ஊசி மெழுகுவத்திகளுக்கு நடுவே எட்ட நின்று பார்த்தாலும் தனியாகத் தெரியும். அக்லாயா காலையிலேயே ஆளுக்கொன்று கொடுத்திருந்தாள். கவ்ரிலின் அம்மா பரஸ்கீவாவுக்கு. அண்ணன் ஒனோஃப்ரிக்கு. கூரை வேலையில் கூட இருந்த சமுவிலாவுக்கு. பாதிரியார் இஃப்டிமிக்கு. கடைசியாக ஒன்று தனக்கு. "கவ்ரிலுக்காக ஏத்துங்க" என்று மட்டும் சொல்லிக் கொடுத்தாள். மேடம் சொல்லச் சொன்னது அவ்வளவுதான்.

"புரிஞ்சுபோச்சு" என்றேன். "கொன்னவனுக்குக் கை நடுங்கும். மெழுகுவத்தியை ஏத்த மாட்டான். ஏத்தாதவன் எவனோ அவனைப் பிடிக்கணும். சரியா?"

"கண்ணைத் திறந்து வச்சுக்கோ. அது போதும்."

"பாராட்டுறதுக்கு உங்களுக்கு என்ன செலவு மேடம்?"

அதற்குள் மெழுகுவத்தி விற்கும் சாஃப்தா அம்மாள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு வந்துவிட்டாள்.

"இங்க விக்கிற மெழுகுவத்தியைத்தான் இங்க ஏத்தணும். வீட்டுல காய்ச்சினதையெல்லாம் கொண்டு வந்து ஏத்தினா நான் எதுக்கு இங்க குளிர்ல உட்கார்ந்திருக்கேன்? ஈ ஓட்டவா?"

"ஃபாதர் சம்மதிச்சிட்டாரம்மா" என்றார் மேடம்.

"அவர் எல்லாத்துக்கும் சம்மதிப்பார். அவர் பொண்டாட்டிகிட்டக் கேட்டீங்களா?" எங்கள் சபையில் பாதிரியார்களுக்குக் கல்யாணம் உண்டு. சாஃப்தா முணுமுணுத்தபடி கூண்டுக்குக் கீழே இருந்த சிமெண்டுத் தளத்தைத் துடைப்பத்தால் தள்ளினாள். "இதையும் சேறாக்கிடாதீங்க. முன்னெல்லாம் இந்தக் கூண்டுகிட்ட வந்தா கணுக்கால் வரைக்கும் சகதி. பாவம், ஒனோஃப்ரி! தம்பி இப்படி ஓடிப்போன அதே வாரத்துல, மனசு ஒடிஞ்சு போயிருந்த நேரத்துலயும், தன் கையால தளம் போட்டுக் கொடுத்தான். கூலின்னு ஒண்ணும் வாங்கலை. ஃபாதர் பிரசங்கத்துலயே அவன் பேரைச் சொன்னார்."

மேடம் தளத்தைப் பார்த்தார். பிறகு கல்லறைகளின் பக்கம் நடந்தார். நானும் கிண்ணத்தோடு பின்னால் போனேன்.

பரஸ்கீவா அம்மாள் தன் கணவரின் சிலுவைக்கு முன்னால் மண்டியிட்டிருந்தார். கறுப்பு முக்காடு, பக்கத்தில் ஊன்றுகோல். சிலுவையில் பதித்திருந்த போட்டோவில் ப்ரிகோரே ஐயா மீசையோடு முறைத்தார். மூன்று மடிப்பாகக் கழுத்து. சட்டைப் பொத்தான்கள் தெறிக்கிற மாதிரி இருந்தன.

"மனுஷன் பக்கவாட்டுலதான் வாசல்ல நுழைஞ்சிருப்பார்" என்று மேடத்தின் காதில் சொன்னேன். அவர் என் காலை மிதித்தார்.

பரஸ்கீவா எங்களைப் பார்த்ததும் சிரமப்பட்டு எழுந்தார். முட்டி ஒத்துழைக்கவில்லை. நான் தாங்கிப் பிடித்தேன். என் முகத்தைப் பார்த்தார். என் தோளைப் பார்த்தார். என்ன நினைத்தாரோ, கூடையின் அடியிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்தார். பூவேலைத் துண்டில் சுற்றிய புதுச் சட்டை. அதன்மேல் ஒரு ரொட்டி, ஒரு வெள்ளை மெழுகுவத்தி.

"வாங்கிக்கோ தம்பி. என் வீட்டுக்காரர் பேர்ல."

"ஆண்டவர் ப்ரிகோரே ஐயாவை மன்னிக்கட்டும்" என்று முறைப்படி வாங்கினேன்.

"போட்டுக்கோ. இப்பவே போட்டுக்கோப்பா. நான் பார்க்கணும்."

குளிரைப் பார்க்காமல் கோட்டைக் கழற்றி, ஸ்வெட்டரையும் கழற்றி, சட்டையைப் போட்டுக்கொண்டேன். கச்சிதமாக உட்கார்ந்தது. பரஸ்கீவாவின் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. திரும்பிக்கொண்டு போய்விட்டார்.

"பாருங்க மேடம்! என்னைப் பெத்தவ வாங்கிக் கொடுத்த சட்டைகூட எனக்கு இவ்வளவு அளவா இருந்ததில்லை. எலும்பன் எலும்பன்னு ஊரே சிரிக்குமே, எனக்குன்னே தைச்ச மாதிரி இருக்கு."

மேடம் சிரிக்கவில்லை. சட்டையின் தோள் தையலைத் தொட்டுப் பார்த்தார். அவர் முகம் இருண்டுவிட்டது. "கழட்டாதே. அப்படியே இரு" என்றார். எனக்கு ஒன்றும் புரியவில்லை.

மணி அடித்தது. உள்ளே பூசை முடிந்து கூட்டம் வெளியே வந்தது. எல்லோரும் கூண்டைச் சூழ்ந்தார்கள். கீழ்த்தட்டில் வெள்ளை மெழுகுவத்திகள் மளமளவென்று முளைத்தன. அன்றைக்கு அந்தத் தட்டுக்குத்தானே திருநாள்.

பாதிரியார் இஃப்டிமி முதலில் வந்தார். தேன் மெழுகுவத்தியை மேல்தட்டில் குத்தி, சிலுவை போட்டுக்கொண்டு, அடுத்த கல்லறைக்கு ஓடினார். இன்று அவருக்கு மூச்சுவிட நேரமில்லை.

அக்லாயா வந்தாள். தளத்தின் நடுவில் நின்று, மேல்தட்டின் ஓரத்தில், காற்றுப் படாத மூலையாகப் பார்த்துத் தன் மெழுகுவத்தியை ஏற்றினாள். உதடு அசைந்தது. ஒவ்வொரு ஞாயிறும் அவள் இப்படித்தான் நிற்பாள் என்று சாஃப்தா சொல்லியிருந்தாள்.

அடுத்து ஒனோஃப்ரி. நல்ல கட்டுமஸ்தான ஆள். கண்கள் சிவந்திருந்தன. அழுகையா பிளம் சாராயமா என்று சொல்ல முடியாது. தன் மெழுகுவத்தியை மேல்தட்டின் நட்ட நடுவே ஊன்றினான்.

"தம்பி! எங்க இருந்தாலும் வந்துடுடா! அம்மாவைப் பாருடா! உன் பொண்டாட்டியைப் பாருடா!"

பெண்கள் மூக்கை உறிஞ்சினார்கள். பொய் சொல்வானேன், நானும் உறிஞ்சினேன்.

சமுவிலா கூட்டத்தின் ஓரத்தில் நின்றான். தேன் மெழுகுவத்தியை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தான். இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தான். பிறகு அதைக் கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டு வாசலை நோக்கி விறுவிறுவென்று நடந்தான்.

"மேடம்!"

"போ" என்றார். அவர் கண் கூண்டைவிட்டு நகரவில்லை.

ஓடினேன். வாசலில் நின்றுகொண்டு யாரோ கொடுத்த ரொட்டியைத் தின்றுகொண்டிருந்த போலீஸ்காரரைத் தாண்டி, வழுக்கும் கல் பாவிய சந்தில் இறங்கி, செருப்புத் தைப்பவர் கடை வளைவில் சமுவிலாவின் கோட்டைப் பிடித்தேன்.

"எங்க ஓடறே? மெழுகுவத்தியை ஏன் ஏத்தலை? கவ்ரிலை என்ன பண்ணினே?"

சமுவிலா என்னை ஏற இறங்கப் பார்த்தான். "உனக்குப் பைத்தியமா?"

"பையில என்ன இருக்கு?"

"மெழுகுவத்தி இருக்கு. ஏத்த மாட்டேன். நான் அட்வென்டிஸ்ட் சபைய்யா! எங்க சபையில மெழுகுவத்தியே கிடையாது. இன்னிக்குச் சனிக்கிழமை, எங்களுக்கு ஓய்வுநாள். இப்ப நான் ஜெபக்கூட்டத்துல இருக்கணும். அந்தப் பொண்ணு அழுதுகிட்டே நீட்டினா. வேணாம்னு எப்படிச் சொல்றது? வாங்கிட்டேன். ஏத்தவும் முடியாது, தூக்கிப் போடவும் மனசு வரலை." அவன் குரல் இறங்கியது. "என்கூட வேலை செஞ்சவன்லயே என்னைக் கிண்டல் பண்ணாத ஒரே ஆள் கவ்ரில்தான். சனிக்கிழமை என் வேலையையும் சேர்த்து அவனே செய்வான். இதைப் பத்திரமா வச்சிருந்து, அவன் வந்ததும் அவன் கையிலயே கொடுக்கணும்னு இருக்கேன்."

நான் அவன் கோட்டை விட்டேன். காலரைக்கூட நேராக்கிவிட்டேன். துப்பறிகிற தொழிலில் இதைவிடக் கேவலமான நிமிஷம் எனக்கு வாய்த்ததில்லை.

மூச்சு வாங்க மேடேறித் திரும்பியபோது முற்றத்தில் அலறல் கேட்டது. அக்லாயாவின் குரல்.

"யாரு வச்சது? சொல்லுங்க, யாரு வச்சது? என் புருஷனைக் கீழ வச்சது யாரு?"

கூட்டத்தை இடித்துக்கொண்டு முன்னால் போனேன். கீழ்த்தட்டில், இறந்தவர்களின் வெள்ளை மெழுகுவத்திகளுக்கு நடுவே, பழுப்பாக, தடிமனாக ஒன்று எரிந்துகொண்டிருந்தது. தேன் மணம் குப்பென்று வந்தது.

பெண்கள் சிலுவை போட்டுக்கொண்டார்கள். உயிரோடிருப்பவன் பெயரில் கீழ்த்தட்டில் ஏற்றுவது அவனைக் குழிக்குள் பிடித்து இழுப்பது மாதிரி. பரம்பரைப் பகையாளிகூட அதைச் செய்யத் துணிய மாட்டான். கைதவறி மாற்றி வைக்கிற விஷயமும் அல்ல.

"எவ என் புருஷனைச் சபிச்சா? என் முன்னாடி வந்து சொல்லு! அவர் உயிரோட இருக்கார்! வருவார்!" அக்லாயா குனிந்து அந்த மெழுகுவத்தியை மேலே மாற்றுவதற்காகக் கையை நீட்டினாள்.

கூண்டுக்குப் பின்பக்கத்திலிருந்து இன்னொரு கை நீண்டு அவள் மணிக்கட்டைப் பிடித்தது. சுருங்கிப்போன கை.

"எடுக்காதம்மா."

"அத்தை?"

"எடுக்காதே கண்ணு. அவன் இருட்டுல இருக்கான். அவன் கையில மெழுகுவத்தி இல்லாமப் போயிட்டான். இதையும் எடுத்துட்டா அவனுக்கு வெளிச்சமே இல்லை."

 உயிர் பிரிகிறபோது கையில் எரிகிற மெழுகுவத்தி இல்லாமல் போவதைவிடக் கொடுமை எங்கள் ஜனங்களுக்கு வேறு கிடையாது. பெற்றவள் வாயிலிருந்து அந்தச் சொல் சும்மா வராது.

ஒனோஃப்ரி கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்தான். "அம்மாவுக்குப் புத்தி கலங்கிப்போச்சு. தம்பியை நினைச்சு நினைச்சு இப்படி ஆயிட்டாங்க. வாம்மா, வீட்டுக்குப் போகலாம்."

மேடம் அவனுக்குக் குறுக்கே போய் நின்றார். அவன் தோளுக்குக்கூட எட்டாத உருவம். ஆனால் அவன் நின்றுவிட்டான்.

"அக்லாயா" என்றார் மேடம், திரும்பாமலே. "தொதெர் போட்டிருக்கிற சட்டையைப் பாரும்மா. அது யாரோட அளவு?"

அக்லாயா அப்போதுதான் என்னைப் பார்த்தாள். கழுத்து, தோள், மணிக்கட்டு. அவள் உதடு வெளுத்தது.

"அவரோட அளவு."

"இங்க செத்தவங்க பேர்ல சட்டை கொடுத்தா, செத்தவங்க உடம்புவாகு இருக்கிற ஆளாப் பார்த்துத்தான் கொடுப்பாங்க. பரஸ்கீவாம்மா, உங்க வீட்டுக்காரர் போட்டோவை நான் பார்த்தேன். அவருக்கு இந்தச் சட்டையில ஒரு கைகூட நுழையாது. நீங்க இதை யாருக்காகக் கொடுத்தீங்க?"

நான் போட்டிருந்த சட்டை எனக்கே பாரமாகிவிட்டது. இதை வாங்கும்போது நான் தப்பான பெயரைச் சொல்லி மன்னிப்புக் கேட்டிருக்கிறேன்.

பரஸ்கீவா கூண்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"இன்னொரு கேள்வி" என்றார் மேடம். குரல் தாழ்ந்துவிட்டது. "உங்களுக்கு முட்டி வலி. முன்பக்கம் நல்ல சிமெண்டுத் தளம் இருக்கு. எல்லாரும் அதுமேல நின்னுதான் ஏத்தறாங்க. நீங்க மட்டும் கோலை ஊன்றிப் பின்பக்கமாச் சேத்துல இறங்கி, அங்கிருந்து எட்டி ஏத்தினீங்க. நான் பார்த்துக்கிட்டுத்தான் இருந்தேன். உங்க காலைப் பாருங்க, கணுக்கால் வரைக்கும் சகதி. இந்தத் தளத்தை ஏம்மா மிதிக்க மாட்டேங்கறீங்க?"

ஒரு நிமிஷம் யாருக்கும் விளங்கவில்லை. பிறகு சாஃப்தா வாயைப் பொத்திக்கொண்டாள். எங்கள் ஜனங்கள் எதை மிதிக்கப் பயப்படுவார்கள் என்று யாரும் யாருக்கும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. தளத்தின்மேல் நின்றவர்கள் ஒவ்வொருவராகப் பின்னால் நகர்ந்தார்கள். சிலர் சேற்றில் இறங்கினார்கள். தளத்தின் நடுவே அக்லாயா மட்டும் நின்றாள்.

"அம்மா, வாயைத் திறக்காதே!" ஒனோஃப்ரி கத்தினான். "திறந்தே, நான் அவ்வளவுதான்!"

பரஸ்கீவா மருமகளைப் பார்த்தார்.

"ஞாயித்துக்கிழமை ஆனா நீ இங்க வந்து நின்னு, அவன் வரணும் வரணும்னு கும்பிடுவே. நான் சுவரோரமா நின்னு பார்ப்பேன். என் பிள்ளை நெஞ்சு மேல நின்னுக்கிட்டுத்தான் நீ கும்பிட்டே. இவன் செஞ்சதையெல்லாம் என்கிட்ட மட்டும் சொல்லிட்டான். என்னால உன்கிட்டச் சொல்ல முடியலை. ஒருத்தனை மண்ணு தின்னுடுச்சு. இன்னொருத்தனையும் ஜெயிலுக்கு அனுப்பிட்டா அப்புறம் எனக்குன்னு யாரு? முன்னாடியே ஒருத்தனை அடிச்சுட்டு உள்ளே இருந்து வந்தவன். இந்தத் தடவை போனா நான் சாகிறவரைக்கும் வர மாட்டான். அதான் வாயை மூடிக்கிட்டேன். ஆனா இன்னிக்கு முடியலை. எல்லார் பிள்ளைக்கும் வெளிச்சம் இருக்கு, என் பிள்ளைக்கு மட்டும் இல்லைன்னா நான் எப்படிம்மா வீட்டுக்குப் போவேன்? அவன் காய்ச்சின மெழுகு, அவனுக்கே போய்ச் சேரட்டும்னு வச்சேன்."

ஒனோஃப்ரி வாசல் பக்கம் திரும்பினான். ரொட்டி தின்றுகொண்டிருந்த போலீஸ்காரர் ரொட்டியைப் பையில் போட்டுவிட்டு எதிரே நின்றார். மேடம் காலையிலேயே அவரிடம் சொல்லி வரவழைத்திருக்கிறார், எனக்குத்தான் சொல்லவில்லை. ஒனோஃப்ரி ஓடவில்லை. சேற்றிலேயே உட்கார்ந்துவிட்டான்.

"சாரம் மேல நின்னு குடிச்சுக்கிட்டிருந்தேன். 'கீழ இறங்கு, இல்லேன்னா ஃபாதர்கிட்டச் சொல்லிடுவேன்'னான். என் பாட்டிலைப் பிடுங்கினான். நான் ஒரு தள்ளுத் தள்ளினேன். ஒரே ஒரு தள்ளு. அவன் விழுவான்னு நினைக்கலை."

"யாரையாவது கூப்பிட்டிருக்கலாமே? ஆஸ்பத்திரி எதிர்ச் சந்துலதானே இருக்கு?" என்றார் மேடம்.

அவன் முகத்தைக் கையால் மூடிக்கொண்டான்.

"இங்க தண்ணி வடியறதுக்குத் தோண்டின பள்ளம் திறந்தே இருந்துச்சு" என்று விரலிடுக்கு வழியாகச் சொன்னான். "அவன் போன் ஆத்துல கிடக்கு."

போலீஸ்காரர் அவன் கையைப் பிடித்துத் தூக்கினார். கூட்டம் வழிவிட்டது. எவரும் ஏசவில்லை, எவரும் அடிக்கவில்லை. நெருப்பு ஆற்றுச் சுவரைத் தாண்டி அவன் நடந்து போனதை எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

நான் சட்டையைக் கழற்றினேன். குளிர் எலும்பில் ஏறியது. மடித்து எடுத்துக்கொண்டு அக்லாயாவிடம் போனேன்.  

"ஆண்டவர் கவ்ரிலை மன்னிக்கட்டும்" என்றேன். சரியான பெயர்.

அவள் சட்டையை வாங்கி மார்போடு வைத்துக்கொண்டாள். குனிந்து தன் கால்களைப் பார்த்தாள். மெல்லத் தளத்தைவிட்டு இறங்கினாள். செருப்பு சேற்றில் புதைந்தது. கூண்டின் ஓரத்தில் நின்று, மேல்தட்டுக்குக் கையை நீட்டி, காற்றுப் படாத மூலையில் தான் ஏற்றி வைத்திருந்த மெழுகுவத்தியைப் பிடுங்கினாள். பாதிக்கு மேல் இன்னும் எரியாமல் இருந்தது. கீழே கொண்டுவரும்போது காற்றில் அணைந்துவிட்டது.

பரஸ்கீவா தான் ஏற்றிய தேன் மெழுகுவத்தியை எடுத்துப் பதறிக்கொண்டு நீட்டினார். "இதுல பத்த வச்சுக்கோ கண்ணு. அவனோட மெழுகுதான்."

அக்லாயா அந்தச் சுடரைப் பார்த்தாள். மாமியார் முகத்தைப் பார்த்தாள்.

பிறகு கீழ்த்தட்டில் யாரோ முன்பின் தெரியாதவர் தங்கள் இறந்தவருக்கு ஏற்றி வைத்திருந்த வெள்ளை மெழுகுவத்தியில் தன்னுடையதைப் பற்றவைத்து, மணலில் ஊன்றிவிட்டு, அழ ஆரம்பித்தாள்.